கிளைச்சிறைக் கீற்று

அவர் எதிரில் நான் எதை எண்ணிச் சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும். கோர்ட்டில் தண்ணீர்ப் பானை வைப்பதற்காக ஆட்களை எண்ணி, "இருபத்து மூணு பேர் சார்" என்பேன். "என்னையும் சேர்த்து எண்ணினீங்களா?" என்பார். சேர்த்திருக்க மாட்டேன். மாஜிஸ்திரேட்டை யார் எண்ணுவார்கள்? திரும்ப எண்ணச் சொல்வார். இருபத்து நான்கு என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை நடக்கும்.

எண்ணுவது என் பழக்கம். இன்றைக்கும் மாத்திரையை எண்ணுகிறேன், கொடியில் காயும் துணியை எண்ணுகிறேன், வீட்டில் திட்டு வாங்குகிறேன். ஆனால் எண்ணும்போது எண்ணுகிறவன் விட்டுப்போவான் என்பதை எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், அங்கே இப்போது உத்தியோகம் பார்க்கிறவர்கள் சங்கடப்படுவார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அவர் அங்கே சப்-மாஜிஸ்திரேட். நான் பெஞ்சு குமாஸ்தா. குடியிருந்தது விழுப்புரத்தில், தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன். ரயில் தாமதமானால் என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு விழும். அவர் தாமதமானால் அவர் பெயருக்கு எதிரேயும் விழும். அந்தக் கோட்டை அவரே போட்டுக்கொள்வார். இதில் எங்களுக்கு ஒரு ஆறுதலும் இல்லை. தன்னையே விடாதவர் நம்மை எங்கே விடப்போகிறார் என்ற பயம்தான் அதிகமாயிற்று.

ஒல்லியான மனிதர். கழுத்துவரை மூடிய வெள்ளைக் கோட்டு. அதில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். எந்நேரமும் வாயில் கிராம்பு. கோர்ட்டுக்குள் யாரும் வெற்றிலை போடக்கூடாது என்று உத்தரவு போட்ட அன்றே தன் வெற்றிலைப் பெட்டியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிராம்புக்கு மாறியவர்.

அந்தக் காலத்தில் இருட்டிய பிறகு விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் கேஸ். வாரத்துக்கு ஏழெட்டு வரும். எல்லோரும் "காத்துல அணைஞ்சிட்டுதுங்க" என்பார்கள், எல்லோருக்கும் அபராதம் உண்டு. ஒருநாள் காலை ஏட்டையாவைக் கூப்பிட்டார்.

"நேத்து பொழுது சாஞ்சப்புறம் ஸ்டேஷன் ரோட்டுல ஒருத்தன் விளக்கில்லாம சைக்கிள்ல போனான். நீங்க பார்த்தீங்க."

ஏட்டையா விறைத்து நின்றார். "காத்துல அணைஞ்சிருக்கும்ங்க ஐயா."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கேஸ் எழுதுங்க."

"பேரு இன்னான்னு எழுதறதுங்க?"

"என் பேரை எழுதுங்க."

"ஐயா, எனக்கு மூணு பொம்பளைப் புள்ளைங்கோ ஐயா."

ஆனாலும் எழுதினார். தன் கேஸைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதால் அது திண்டிவனத்துக்கு மாற்றப்பட்டது. திண்டிவனத்து மாஜிஸ்திரேட் வயதில் இளையவர், கொஞ்சம் பருமன், யாருக்கும் மனசு நோகாமல் பேசுகிறவர். மிகுந்த வருத்தத்தோடு இரண்டு ரூபாய் அபராதம் போட்டார். இவர் கட்டிவிட்டு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் சர்க்கார் ஒரு சிறைச்சாலையையும் ஒப்படைத்திருந்தது. அப்போதெல்லாம் சின்ன ஊர்க் கிளைச்சிறைகளுக்குத் தனி அதிகாரி கிடையாது. கோர்ட்டில் விசாரிக்கிற மாஜிஸ்திரேட்டே பக்கத்துச் சிறைக்கும் சூப்பரின்டெண்டு. எங்கள் சிறை கோர்ட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஓடு போட்ட பழைய கட்டடம். ஓடு ஒழுகியது என்று, சர்க்கார் கட்டடங்களைப் பார்க்கிற மராமத்து இலாகாவுக்கு எழுதினார்கள். ஓடு மாற்றப் பணம் வரும்வரை தற்காலிகமாக மேலே தென்னங்கீற்று வேய்ந்தார்கள். அந்தத் தற்காலிகம் மூன்று மாஜிஸ்திரேட்டுகளைப் பார்த்துவிட்டது. கீற்று மட்டும் வருஷா வருஷம் புதிதாக, நன்றாகக் காய்ந்ததாக வந்துகொண்டிருந்தது.

இது அவர் கண்ணில் படாமல் ஒரு வருஷம் இருந்திருக்கிறது. பட வைத்தவர் ஒரு சினிமாக் கொட்டாய்க்காரர்.

சிறைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் நடந்தது. ஜனம் கூடுகிற இடம் என்பதால் அதற்கு எத்தனையோ சட்டம்: மூன்று வழி இருக்க வேண்டும், ஆட்டம் நடக்கும்போது எதையும் பூட்டக் கூடாது, சிவப்பு வாளியில் மணல் நிரப்பித் தொங்கவிட வேண்டும். டிக்கெட் இல்லாமல் நுழைகிறார்கள் என்று ஒரு பக்கத்து வழியைக் கொட்டாய்க்காரர் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். கேஸ் வந்தது, அபராதம் விழுந்தது. அவர் கும்பிட்டுவிட்டு நகராமல் நின்றார்.

"கட்டிடறேங்க எஜமான். ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்ங்களா?"

"கேளுங்க."

"என் கொட்டாய்ல மூணு வழிங்க. அதுல ஒண்ணைப் பூட்டினதுக்கு இவ்ளோ. எஜமான் பக்கத்துல ஒரு கொட்டாய் நடத்திக்கினு இருக்கீங்களே, அதுக்கு எத்தினி வழிங்க?"

கோர்ட்டு சிரித்தது. டபேதார் "சத்தம்!" என்று அதட்டினார். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு வழி" என்றார்.

"தொறந்திருக்குதுங்களா?"

"பூட்டியிருக்கு."

"மேல கீத்துங்களா?"

"கீத்துதான்."

"அப்போ எஜமானுக்கு எவ்ளோங்க?"

டபேதார் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். மாஜிஸ்திரேட் அடுத்த கேஸைக் கூப்பிடச் சொல்லவில்லை. எழுந்து நேரே சிறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

உள்ளே பதினாறு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் சாராயக் கேஸ், இரண்டு பேர் ஆடு திருடியவர்கள். வார்டரிடம் சாவி எங்கே இருக்கும் என்று கேட்டார்.

"பகல்ல என் இடுப்புலதாங்க ஐயா. சாயந்திரம் அடைச்சதும் கஜானாப் பெட்டியில வெச்சிடறதுங்க. முன்ன ஒருக்கா சாவி காணாப் போயி, பத்திரமா வெக்கணும்னு கடலூர் ஜில்லா ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வந்துதுங்க. கஜானாவை விட பத்திரம் ஏதுங்க?"

"கஜானா சாவி?"

"அதுக்கு ரெண்டு பூட்டுங்க. ஒண்ணு டெபுடி தாசில்தார் ஐயா கிட்ட. இன்னொண்ணு கஜானா குமாஸ்தா கிட்ட."

"அந்த குமாஸ்தா எங்கே இருப்பார்?"

"அவரு சாயந்திர வண்டியில விழுப்புரம் போயிடுவாருங்க. காலைல வந்துடுவாரு."

"நடுவிலே நெருப்புப் பிடிச்சா?"

வார்டர் மேலே கீற்றைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "இதுவரைக்கும் புடிச்சதில்லீங்க."

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சாராயக் கேஸ் சொன்னான்: "காலை வண்டி வர்ற வரைக்கும் மூச்சைப் புடிச்சிக்கினு இருப்போம் சாமி. லேட்டா வந்தாத்தான் பேஜாரு."

வார்டர் அவனை அதட்டினார். மாஜிஸ்திரேட், "அவர் சரியாத்தானே சொல்றார்" என்றார்.

சூப்பரின்டெண்டாக அவரால் என்ன செய்ய முடியும் என்று பார்த்தார். கீற்றைப் பிரிக்க முடியாது. அது மராமத்து இலாகாவின் சொத்து. சாவியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. கடலூர் உத்தரவு இருக்கிறது. எழுதினார். நான்கு இடங்களுக்கு எழுதினார், நான்கு பதிலும் வந்தன. மராமத்து இலாகா பணம் இல்லை என்றது. சிறை இலாகா, கிளைச்சிறை எங்களுடையது அல்ல என்றது. தீயணைப்பு நிலையம், இலாகாத் தலைவர் கேட்டால் யோசனை சொல்வோம் என்றது. கடலூர், மற்ற மூவரையும் கேட்கச் சொன்னது.

அதன் பிறகு பஞ்சாயத்து எக்ஸிகியூடிவ் ஆபீசரைக் கூப்பிட்டார். கடைத்தெருவில் கீற்று வேய்ந்த டீக்கடைக்காரர்கள் மேலெல்லாம் கேஸ் கொண்டுவருகிறவர் அவர்தான்.

"சிறை மேலே கீத்து இருக்கு. பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க சார். நல்லா அழகா வேஞ்சிருக்காங்க."

"கேஸ் போடுங்க."

"யார் மேலங்க?"

"சூப்பரின்டெண்டு மேலே."

எக்ஸிகியூடிவ் ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். "சார், சர்க்கார் கட்டடத்துக்கு இந்தச் சட்டம் செல்லாதுங்களே."

"செல்லாதுன்னு எந்தப் பிரிவிலே போட்டிருக்கு?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து ஒரு தரம், பின்னாலிருந்து ஒரு தரம். "போடலைங்க. ஆனா எல்லா ஊர்லயும் அப்படித்தாங்க."

"செல்லும்னு போட்டிருக்கா?"

"அதுவும் போடலைங்க."

"அப்போ கோர்ட்டு சொல்லட்டும்."

பிறகு என்னிடம் விளக்கினார்: "சூப்பரின்டெண்டு சொன்னா கீத்தை எடுக்க முடியாது. கோர்ட்டு சொன்னா எடுத்தே ஆகணும்." இரண்டும் அவரே என்பதுதான் சிக்கல். கேஸைப் பதிவு செய்து சம்மனில் மாஜிஸ்திரேட்டாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நிமிஷம் பெற்றுக்கொண்டதாகச் சூப்பரின்டெண்டாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து அறையிலிருந்த அவருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்த கான்ஸ்டபிள், அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கேஸ் வழக்கம்போல் திண்டிவனத்துக்குப் போயிற்று.

சாவி வைக்கும் வழக்கத்தைச் சொல்ல நான் சாட்சி. இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அவர் லீவு போட்டிருந்தார், டிக்கெட்டை அவரவர் வாங்கினோம். திண்டிவனத்து மாஜிஸ்திரேட் இவரைக் கண்டதும் பாதி எழுந்தே விட்டார்.

"உக்காருங்க சார். யாருப்பா, சாருக்கு ஒரு நாற்காலி!"

"குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நாற்காலி கிடையாது" என்றார் இவர் கூண்டுக்குள் இருந்து. "என் கோர்ட்டிலே நான் கொடுக்கறதில்லை."

திண்டிவனத்துக்காரருக்கு வியர்த்தது. சர்க்காரைத் தண்டிக்கவும் பயம், மூத்தவரை விடுவிக்கவும் பயம். வாய்தா போட்டார். அடுத்த முறையும் போட்டார். நாங்கள் நான்கு தடவை போனோம், நான்கு தடவையும் இவர் நின்றார், நான்கு தடவையும் வாய்தா. அதற்குள் கோடை வந்துவிட்டது. சிறைக் கூரை அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. அவர் காலையில் கோர்ட்டுக்கு வந்ததும் ஜன்னல் வழியாக முதலில் அதைத்தான் பார்ப்பார்.

கடலூரில் யாரோ புத்திசாலி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரையும் இடம் மாற்றிவிட்டார்கள். இவர் திண்டிவனத்துக்கு, திண்டிவனத்துக்காரர் எங்கள் ஊருக்கு. கேஸ் தானாகச் செத்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

புதியவர் பொறுப்பேற்று ஒரு வாரத்துக்குள் திண்டிவனத்திலிருந்து சம்மன் வந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"என்னங்க இது? இது அவர் கேஸ் ஆச்சே?"

"சம்மன்ல பேர் இல்லீங்க சார். 'சூப்பரின்டெண்டு, கிளைச்சிறை'ன்னுதான் இருக்கு."

"சூப்பரின்டெண்டு யாரு?"

நான் சம்மனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவரே கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தார்.

எனக்கோ வேறு கவலை. திண்டிவனத்தில் இனி கேஸை விசாரிக்கப் போகிறவர் பழையவர். அவர் தன்னை விடுவித்துக்கொள்ளும் மனிதர் அல்ல. 'குற்றவாளி நான்தான்' என்று எழுதினால் கேஸை அவரே விசாரிக்க முடியாது. மறுபடி வேறு ஊர், மறுபடி வாய்தா. பதவியில் இருப்பவர்தான் குற்றவாளி என்று எழுதினால் கீற்று இறங்கும். ஆனால் தன்னைத் தானே விட்டுவிட்டதாக ஆகும். அவர் இதுவரை செய்யாத ஒரே காரியம் அது.

விசாரணை நாளில் புதியவர் கூண்டில் ஏறி, பழக்கத்தில் நாற்காலியைத் தேடினார். பியூன் ஒன்றைக் கொண்டுவந்தான். மாஜிஸ்திரேட் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு மேடையில் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றார். அப்படியே நின்றுகொண்டு கேஸை நடத்தினார். மாஜிஸ்திரேட் நிற்கும்போது வக்கீல்கள் உட்கார முடியாது. வக்கீல்கள் நிற்கும்போது குமாஸ்தாக்கள் உட்கார முடியாது. அந்த மே மாத வெயிலில் திண்டிவனம் கோர்ட்டில் முப்பத்தொரு பேர் காரணம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம். என் முழங்கால் வலி அன்றைக்கு ஆரம்பித்தது. அவரையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

தீர்ப்பை ஒரே குரலில் வாசித்தார். ஜனம் கூடுகிற இடத்துக்கு உள்ள சட்டம், ஜனத்தைப் பூட்டி வைக்கிற இடத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். விரும்பி வந்தவன் எழுந்து போய்விடுவான். பூட்டப்பட்டவன் போக முடியாது. பொறுப்பு பதவியில் இருப்பவருடையது, முன்பு இருந்தவருடையது அல்ல. ஐந்து ரூபாய் அபராதம். ஏழு நாளில் கீற்றைப் பிரிக்க வேண்டும். சாவி, கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

வெளியே வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன். "சார், உங்களை விட்டுட்டீங்களே."

"மேலே போனா ரத்தாயிடும். என் கேஸை நானே விசாரிச்சிருக்கேன். யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் சார்?"

"ரத்தாக எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு மாசமாவது ஆகும்."

"கீத்தைப் பிரிக்க?"

"அரை நாள் சார்."

"பிரிச்ச கீத்தைத் திரும்பப் போட?"

நான் நினைத்துப் பார்த்தேன். எஸ்டிமேட், மேலிட அனுமதி, டெண்டர், மறுபடி எஸ்டிமேட். "நடக்காது சார்."

அவர் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கீற்று இறங்கியது. வார்டர்கள் அதை அடுப்பெரிக்க எடுத்துப் போனார்கள். முதல் மழைக்கே சிறை ஒழுகியது. உள்ளே இருந்தவர்கள் முறையிட்டு ஒரு மனு எழுதினார்கள். நான் திண்டிவனம் போனபோது அதை அவரிடம் சொன்னேன். "நனைஞ்சவன் காஞ்சுப்பான்" என்றார்.

அவர் சொன்னபடியே தீர்ப்பு ரத்தாயிற்று. வேறு கோர்ட்டில் புதிதாக விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு. எந்தக் கோர்ட்டு என்று எழுத மறந்துவிட்டார்கள். தன் கேஸைத் தானே விசாரித்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்டார்கள். "விசாரித்தது உண்மை" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அந்த வருஷத்துப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

சாவி மட்டும் கஜானாவுக்குத் திரும்பவில்லை. புதியவரின் வீடு சிறைக்கு எதிரே. வாசல் நிலையில் ஆணி அடித்து அதில் மாட்டியிருந்தார். ஆடிட்டுக்கு வந்தவர் ஆட்சேபித்தார்.

"தீர்ப்புதான் ரத்தாயிடுச்சே சார், பழையபடி வெச்சிடலாமே?"

"அந்தக் கூண்டுல நான் நின்னிருக்கேன்" என்றார் புதியவர். "நீங்க நின்னதில்லை."

அடுத்த கோடையில் ஒரு சாயங்காலம், முதல் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், டூரிங் டாக்கீஸ் பற்றிக்கொண்டது. அன்று சாட்சிப் பட்டியல் எழுதி முடியாமல் நான் ரயிலை விட்டிருந்தேன். கஜானா குமாஸ்தா விடவில்லை. கொட்டாயின் மூன்று வழியும் திறந்திருந்தன. ஜனம் செருப்பையும் சோடா பாட்டிலையும் விட்டுவிட்டு ஒரு காயமில்லாமல் வெளியே வந்துவிட்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. எரிகிற கீற்றுத் துண்டுகள் பறந்து வந்து சிறை ஓட்டின் மேல் விழுந்தன. ஓட்டில் அவை கொஞ்சம் எரிந்து, அணைந்து, கறுத்தன. ஆனால் புகை உள்ளே இறங்கியது. உத்திரத்தில் ஒரு மூலை பிடித்துக்கொண்டது. உள்ளே கத்துகிறார்கள்.

புதியவர் வேட்டி பனியனோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவ்வளவு பருமனானவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். பூட்டில் சாவி அவருக்கு நுழையவில்லை. வார்டர்தான் பிடுங்கித் திறந்தார். இருமிக்கொண்டு வந்தவர்களை ரோட்டில் வரிசையாக உட்கார வைத்தோம். ஒருவனும் ஓடவில்லை, இருமல் விடவில்லை.

வார்டர் எண்ணினார். "இருபது" என்றார்.

பத்தொன்பதுதான் இருக்க வேண்டும். நான் எண்ணினேன். இருபதுதான். ஒருவர் அதிகம். மறுபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். வரிசைக் கடைசியில், ஆடு திருடியவனுக்குப் பக்கத்தில், சூப்பரின்டெண்டு புழுதியில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

கொட்டாய்க்காரர் கரி அப்பிய முகத்தோடு வந்து நின்றார். "என் கொட்டாய் பூடுச்சுங்க. ஒரு உசுரு போவலை. பழைய எஜமான் கிட்ட சொல்லுங்க, மூணு வழியும் தொறந்துதான் இருந்துதுன்னு."

விழுப்புரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. வந்தவர்கள் சிறைச் சுவரை நனைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் திண்டிவனம் போனேன். அவர் மேஜையில் தபால் பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"சாவி எங்கே இருந்தது?" என்றார்.

"எதிர் வீட்டு ஆணியில சார். பத்தொன்பது பேரும் வெளியே வந்துட்டாங்க."

தலையை ஆட்டினார். கிராம்பு டப்பாவைத் திறந்தார், எடுக்காமல் மூடினார். கொஞ்ச நேரம் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கேஸ் இப்போ என்ன நிலையிலே இருக்கு?"

"மறுவிசாரணைக்கு நிலுவையில சார். யாரும் எடுக்கலை."

"குற்றம் சாட்டப்பட்டவங்க எத்தனை பேர்?"

"ஒருத்தர்தான் சார். சூப்பரின்டெண்டு."

"என்னையும் சேர்த்து எண்ணினீங்களா?"

வெளியே பியூன் யாருடைய பெயரையோ மூன்று தரம் கூப்பிட்டான்.

"ரெண்டு பேர் சார்" என்றேன்.

அதன் பிறகுதான் அடுத்த தபாலைப் பிரித்தார்.